ஐந்தாம் எண்ணில் இருவர்

நெட் நின்றுபோனால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ரூட்டரின் சுவிட்சை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போடுவோம். பல நேரம் சரியாகிவிடும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தாலும் “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏன் சரியாகிறது என்று அவர்களும் சொல்வதில்லை. சரியான பிறகு நாமும் கேட்பதில்லை.

இதைவிட விநோதமான ஒன்று சின்ன அலுவலகங்களில் நடக்கும். ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ரூட்டர். ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடி. காலையில் எல்லாருக்கும் பிரின்ட் வருகிறது. பதினோரு மணிக்கு இரண்டு பேருக்கு வருகிறது, நான்கு பேருக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் எதையும் தொடாமலே எல்லாருக்கும் வருகிறது. மூன்று மணிக்கு மறுபடி நின்றுவிடுகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகியாயிற்று. டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாயிற்று. டோனரைக்கூட மாற்றியாயிற்று.

அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஆடிட்டரிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: “சார், புதுசா சேர்ந்திருக்கிற அந்தத் தம்பி வெளிய போனா பிரின்ட் வருது. உள்ள வந்தா நின்னுடுது.”

“ராசியெல்லாம் பாக்காதீங்கம்மா” என்கிறார் ஆடிட்டர்.

அம்மா சொன்னது ராசி இல்லை. அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் சொன்னவற்றிலேயே அறிவியல்பூர்வமான வாக்கியம் அதுதான். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்க, அந்த அறைக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு எண்கள்

ஒரே ரூட்டரோடு கேபிளிலோ வைஃபையிலோ சேர்ந்திருக்கும் கருவிகளின் கூட்டத்தை உள்வலை என்று அழைப்போம். உள்வலையில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் வேண்டும். 192.168.1.5 என்பது போல நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 1981 செப்டம்பரில் வெளியான விதிப்படிதான் இன்றும் இந்த எண்கள் ஓடுகின்றன. கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி முகவரிகள் கிடைக்கும். அன்றைக்கு அது தாராளமாகத் தெரிந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததோடு அங்கே கல்லா காலி.

காலியான பிறகும் உங்கள் வீட்டு டிவிக்கும் போனுக்கும் எண் கிடைப்பது எப்படி? 1996இல் மூன்று தொடர்களை உள்வலைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றை வெளி இணையத்தில் யாரும் பயன்படுத்தக் கூடாது. உள்ளே யார் வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும் ஒவ்வொரு செய்தியிலும் உள் எண்ணை எடுத்துவிட்டு வெளி எண்ணைப் போட்டு அனுப்புவது ரூட்டரின் வேலை. அதனால் மயிலாப்பூரில் ஒரு பிரின்டரும் டொராண்டோவில் ஒரு பிரின்டரும் 192.168.1.5 என்று ஒரே எண்ணோடு இருப்பதில் தகராறு இல்லை. ஒரே உள்வலைக்குள் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் வந்தால்தான் தகராறு.

இன்னொரு சின்ன விஷயம். முகவரிக்குக் கீழேயே 255.255.255.0 என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது முகவரி இல்லை. யார் பக்கத்தில் இருப்பவர், யார் வெளியூர் என்று முடிவு செய்ய உதவும் அளவுகோல். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர், நேரே பேசு. மாறியிருந்தால் வெளியூர், ரூட்டரிடம் கொடு என்று அதற்கு அர்த்தம். இதனால் 192.168.1.10இல் இருக்கும் கம்ப்யூட்டர், அதே மேஜையில், அதே கேபிளில் 192.168.0.5 என்று உட்கார்ந்திருக்கும் பிரின்டரை வெளியூர்க்காரர் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு பூஜ்யம், ஒரு ஒன்று. அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் அரை நாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

மேனேஜரும் பேரேடும்

இந்த எண்களை யார் கொடுக்கிறார்கள்? ஒரு காலத்தில் கையால் கொடுத்தார்கள். பொறுப்பாளர் ஒரு நோட்டில் பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் எண்ணைத் தட்டிவிட்டு வருவார். நோட்டு தொலைந்தால் போச்சு. 1985இல் இதைத் தானாக நடத்த ஒரு முறை வந்தது. அது வளர்ந்து 1993இல் டிஹெச்சிபி என்ற வடிவத்தை எடுத்தது. இன்று ஆயிரம் ரூபாய் ரூட்டருக்குள்ளும் இது இருக்கிறது.

இதை ஒரு லாட்ஜாக நினைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்குள் ஒரு மேனேஜர், அவர் கையில் ஒரு பேரேடு. புதிதாக வரும் கருவிக்கு மேனேஜர் யார் என்றே தெரியாது. அதனால் கூடத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி கத்துகிறது: “இங்கே ரூம் கொடுப்பவர் யாராவது உண்டா?” மேனேஜர் சொல்கிறார்: “5 காலியாக இருக்கிறது.” கருவி மறுபடியும் எல்லாருக்கும் கேட்கும்படி, “இவரிடம் 5ஐ எடுத்துக்கொள்கிறேன்” என்கிறது. மேனேஜர் பேரேட்டில் எழுதிக்கொண்டு, “உனக்குத்தான், 24 மணி நேரத்துக்கு” என்று முடிக்கிறார். கூடவே அளவுகோல் வரியையும், வெளியே போகும் வாசலின் எண்ணையும், பெயர்களைத் தேடித் தரும் கருவியின் எண்ணையும் சொல்லி அனுப்புகிறார். மொத்தம் நான்கு பேச்சு. மூன்றாவது பேச்சை ஏன் எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்? கூடத்தில் இன்னொரு மேனேஜர் இருந்து அவரும் ஓர் எண்ணை நீட்டியிருந்தால், தன்னுடையது வேண்டாம் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. அப்படி இரண்டு மேனேஜர்கள் வந்து சேர்வதும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எண் சொந்தமில்லை, இரவல். தவணையில் பாதி கழிந்ததும் கருவி தானாகவே மேனேஜரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். வெளியே போய்விட்டுத் தவணைக்குள் திரும்பி வந்தால் பேரேட்டைப் பார்த்துப் பழைய எண்ணையே கொடுப்பார்.

பேரேடு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பல சின்ன ரூட்டர்களில் அது தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. மின்சாரம் போனால் பேரேடு வெள்ளைத்தாள். அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது: உள்ளே சிக்கிக்கொண்டிருந்த கணக்குகள், பாதியில் நின்ற உரையாடல்கள், முழிபிதுங்கிப்போன மென்பொருள் எல்லாம் மறந்துபோய், எல்லாரும் வரிசையில் நின்று புதிதாக எண் வாங்குகிறார்கள். ஆனால் மறப்பது மருந்தாக இருக்கும் இடத்திலேயே நோயாகவும் இருக்கிறது. பழைய விருந்தாளிகள் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதும் சேர்ந்தல்லவா மறந்துபோகிறது?

பேரேட்டில் ஏறாமலே ரூமில் தங்குகிறவர்களும் உண்டு. கருவியின் அமைப்புக்குள் போய் “உன் எண் 192.168.1.5” என்று நாமே கையால் எழுதிவிடலாம். இதை நிலையெண் என்போம். பிரின்டரைக் கொண்டுவந்து மாட்டும் டெக்னீஷியன் பெரும்பாலும் இதைத்தான் செய்வார். எண் மாறிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர்கள் பிரின்டரைத் தேடி அலையும் என்பதால், அவர் செய்வதில் நியாயம் இருக்கிறது. மேனேஜரிடம் சொல்லாமல் செய்வதில்தான் இல்லை.

கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்

ஐபி எண் இரவல் என்றால், கருவிக்குச் சொந்த அடையாளம் எது? வலையோடு பேசும் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட இன்னொரு எண் உண்டு. மேக் முகவரி என்பார்கள், இங்கே பிறவி எண் என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்த பன்னிரண்டு இடங்கள். முதல் ஆறு தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். அடுத்த ஆறு அந்தக் கருவியைச் சொல்லும்.

உள்வலைக்குள் செய்திகள் உண்மையில் போய்ச் சேர்வது பிறவி எண்ணை வைத்துத்தான். பிரின்டரின் ஐபி எண் மட்டும் தெரிந்த கம்ப்யூட்டர், அனுப்புவதற்கு முன் எல்லாரையும் பார்த்துக் கேட்கிறது: “192.168.1.5 யார்?” அந்த எண்ணை வைத்திருப்பவர் “நான்தான், என் பிறவி எண் இது” என்று பதில் சொல்வார். கம்ப்யூட்டர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். இந்த முறையை 1982இல் எழுதிவைத்தவர் டேவிட் பிளம்மர். எளிமை, வேகம், சிக்கனம் எல்லாம் இதில் உண்டு. சந்தேகம் மட்டும் கிடையாது. பதில் சொல்பவர் உண்மையான ஆள்தானா என்று கம்ப்யூட்டர் கேட்பதே இல்லை. இரண்டு பேர் “நான்தான்” என்றால், யாருடைய பதில் எந்த நேரத்தில் வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்து ஒருவரை நம்பிவிடும். பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் மற்றவரை நம்பலாம். குறித்துவைத்ததும் நிரந்தரம் அல்ல. கொஞ்ச நேரத்தில் பழசாகி, மறுபடி கேட்கும், இந்த முறை வேறு ஆளை நம்பலாம்.

இரண்டு பேருக்குப் பிரின்ட் வந்து நான்கு பேருக்கு வராமல் போவது எப்படி என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். ஊகம் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும்.

எண்ணைப் படிப்பது

எதையும் அணைப்பதற்கு முன்னால் எண்ணைப் பாருங்கள். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய உபாயம் இதுதான். அணைத்துவிட்டால் பேரேட்டோடு தடயமும் அழிந்துபோகும். போனில் வைஃபை அமைப்புக்குள் அந்த இணைப்பைத் தொட்டால் எண் தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையைத் தட்ட வேண்டும்.

எண் 169.254 என்று தொடங்கினால் விஷயம் பாதி முடிந்தது. அது யாரும் கொடுத்த எண் அல்ல. கத்திப் பார்த்து, மேனேஜரிடமிருந்து பதிலே வராமல் போனதும் கம்ப்யூட்டர் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. அதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொடர் அது. ஆகவே பிரவுசரையோ இணைய நிறுவனத்தையோ குறை சொல்வதில் பயனில்லை. கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே எதுவோ அறுந்திருக்கிறது, அல்லது மேனேஜரிடம் எண்கள் தீர்ந்துவிட்டன. போன்கள் இந்த நிலையில் பெரும்பாலும் “ஐபி முகவரி பெறப்படுகிறது” என்ற வரியிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். டியூஷன் சென்டர்களில் இது சகஜம். ரூட்டரில் 50 எண்களுக்குத்தான் இடம், தவணையோ 24 மணி நேரம். காலை பேட்ச் மாணவர்களின் போன்கள் எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்; மாலை பேட்சுக்கு மிச்சம் இருக்காது. தவணையை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் தீர்ந்தது.

எண் சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ‘பிங்’ என்றொரு கருவி இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஏவியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சத்தத்தின் பெயரையே வைத்தார். ‘பிங்’ என்று தட்டி ஒரு முகவரியைக் கொடுத்தால், “இருக்கிறாயா?” என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்றும் காட்டும். பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போவதுதான் முறை. முதலில் ரூட்டர், 192.168.1.1. அது பேசினால் வெளியே ஒரு முகவரி, உதாரணமாக 8.8.8.8. அதுவும் பேசி, தளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லை என்றால், பழுது பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில். உங்கள் உள்வலையின் முகவரிகளில் குற்றமில்லை.

விண்டோஸ் பிங்கில் ஒரு பொறி உண்டு. ஆள் இல்லாத எண்ணைக் கூப்பிட்டால் சில சமயம் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரே “அவரைப் போய்ச் சேர முடியவில்லை” என்று பதில் எழுதும். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் “பதில் வந்தது” என்பது மட்டும் படும். கடைசிக் கணக்கிலும் இழப்பு 0 சதவீதம் என்றே காட்டும். பதில் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள்.

பிரின்டரை அணைத்துவிட்டுக் கூப்பிடுவது

இனி ஆடிட்டர் அலுவலகம். நேரம் பதினொன்றரை, பிரின்ட் வராத நேரம். பிரின்டரின் சின்னத் திரையில் எண்ணைப் பார்க்கிறோம்: 192.168.1.5, கையால் எழுதியது. பிரின்ட் வராத கம்ப்யூட்டரில் எண் 192.168.1.3, அளவுகோல் 255.255.255.0. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். பிங் செய்கிறோம். பதில் வருகிறது!

இங்கேதான் பலர் தடம் மாறுவார்கள். “பிங் வருது, அப்போ நெட்வொர்க் நல்லா இருக்கு, பிரின்டர்தான் கோளாறு” என்று சொல்லிச் சர்வீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பதில் வந்த வேகத்தைக் கவனித்தவர்களுக்கு உறுத்தும். கேபிளில் இருக்கும் பிரின்டர் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் பதில் சொல்ல வேண்டும். இங்கே 84, 6, 210, 131 என்று தாறுமாறாக வருகிறது. தூங்கித் தூங்கி விழிக்கும் ஏதோ ஒன்று வைஃபையில் இருந்துகொண்டு பதில் சொல்கிறது.

அடுத்த சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பிரின்டரின் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மறுபடி 192.168.1.5ஐக் கூப்பிடுகிறோம்.

பதில் வருகிறது.

பிரின்டர் செத்துக் கிடக்கிறது, அதன் எண் பேசுகிறது. ஐந்தாம் எண்ணில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆள் யார்? கம்ப்யூட்டர் குறித்துவைத்திருக்கும் பிறவி எண்களை ‘ஏஆர்பி’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்தால் பட்டியலாகக் காட்டும். அதில் 192.168.1.5க்கு நேரே இருக்கும் எண்ணைப் பிரின்டரின் பின்பக்க ஸ்டிக்கரோடு ஒப்பிடுகிறோம். பொருந்தவில்லை. முதல் ஆறு இடங்களை வைத்து நிறுவனத்தைத் தேடினால் எந்த நிறுவனமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணின் இரண்டாவது இடத்தில் 6 இருக்கிறது, அதுவே ஒரு பெரிய துப்பு. இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று இருந்தால் அது பொறிக்கப்பட்ட பிறவி எண் அல்ல, கருவி தானே புனைந்துகொண்டது. போகும் இடமெல்லாம் ஒரே பிறவி எண்ணைக் காட்டினால் ஒருவரைப் பின்தொடர முடியும் என்பதால், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், அடுத்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 14 முதலும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வது போன்களின் வழக்கமாகிவிட்டது. ஆக, நாம் தேடுவது பெரும்பாலும் ஒரு போன்.

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி ரூட்டருக்குள் போய்ப் பேரேட்டைத் திறக்கிறோம். அதே புனை எண், நேரே 192.168.1.5, பக்கத்தில் ஒரு போன் மாடலின் பெயர். யாருடையது என்று அறையில் கேட்டால், புதிதாகச் சேர்ந்த தம்பி கையைத் தூக்குகிறான். பாவம், அவன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

நடந்ததைப் பின்னோக்கிக் கோத்துப் பார்ப்போம். முதல் வாரம் ஓர் இரவு மின்வெட்டு. பேரேடு அழிந்தது. சில ரூட்டர்கள் பிறவி எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு எண் கொடுக்கும்; இந்த ரூட்டர் கீழிருந்து வரிசையாகக் கொடுக்கும் ரகம். காலையில் முதலில் வந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கு 2, 3, 4. அடுத்துத் தம்பியின் போன். ஒழுங்கான மேனேஜர் ரூமைக் கொடுப்பதற்கு முன் கதவைத் தட்டிப் பார்ப்பார்; இந்த ரூட்டரும் தட்டியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பிரின்டரை யாரும் இன்னும் போடவில்லை. பதில் இல்லை, ரூம் காலி, 5ஐ எழுதிக் கொடுத்தாயிற்று. அதன்பின் தம்பி பைலை எடுத்துக்கொண்டு கட்சிக்காரர் கடைக்குப் போய்விட்டான். ஒன்பதரைக்குப் பிரின்டரைப் போட்டார்கள்; அது தன் நிலையெண் 5ஓடு எழுந்தது, எல்லாருக்கும் பிரின்ட் வந்தது. பதினோரு மணிக்குத் தம்பி திரும்பினான். தவணை முடியவில்லை, பேரேட்டில் அவன் பெயர் இருக்கிறது, பழைய எண்ணையே கேள்வி இல்லாமல் கொடுத்தார் மேனேஜர். அப்போதிருந்து ஐந்தாம் எண்ணில் இருவர். தம்பி சாப்பிடப் போனால் ஒருவர். ஒவ்வொரு நாளும் தவணை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா கவனித்தது இதைத்தான். விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று அந்த எண்ணில் இருந்திருந்தால், “முகவரி மோதல்” என்று திரையில் எச்சரிக்கை வந்திருக்கும். போன்கள் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

எண்ணுக்கு ஏற்பாடு

இப்போது ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா? ஆகலாம். பிரின்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால், மேனேஜர் கதவைத் தட்டுவார், பிரின்டர் பதில் சொல்லும், தம்பிக்கு வேறு எண் கிடைக்கும். அடுத்த மின்வெட்டு வரைக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு மறுபடி இதே கதை, வேறு யாருடைய போனோடோ. இப்படித்தான் ஒரு சின்னப் பழுது வருடக்கணக்கில் “அப்பப்போ வரும் போகும்” என்ற பெயரோடு ஓர் அலுவலகத்தில் குடியிருக்கும்.

நிரந்தரமாகத் தீர்க்க இரண்டு வழிகள். ஒன்று, மேனேஜர் 100 முதல் 200 வரைதான் கொடுக்கலாம் என்று ரூட்டரில் எல்லை போட்டுவிட்டு, நிலையெண்களை 2 முதல் 99க்குள் வைத்துக்கொள்வது. இன்னொன்று, பிரின்டரைத் தானாக எண் வாங்கும்படி மாற்றிவிட்டு, “இந்தப் பிறவி எண்ணுக்கு எப்போதும் 5” என்று ரூட்டரிலேயே முன்பதிவு செய்துவிடுவது.

நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இணைய நிறுவனத்தை மாற்றும்போது புதுப் பெட்டி வருகிறது. அந்தப் பெட்டியின் தொடர் 192.168.0 என்றோ 192.168.29 என்றோ இருக்கலாம். நிலையெண் வைத்த பிரின்டர் பழைய ஊர் முகவரியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அநாதையாக நிற்கும். அதன் அமைப்புக்குள் புகுந்து மாற்ற வேறு ஆள் வர வேண்டும். முன்பதிவுக்காரர் புது மேனேஜரிடமும் தானாகப் போய் ஓர் எண் வாங்கிக்கொள்வார். நாம் கம்ப்யூட்டர்களுக்கு அந்த எண்ணைச் சொன்னால் போதும். பிரின்டருக்குப் பிறவி எண் மாறாது என்பதால் இது சரிவரும். புனைபெயரில் வரும் போன்களுக்கு முன்பதிவு செய்வதென்றால், அந்த வைஃபைக்கு மட்டும் புனைபெயரை நிறுத்திவிட வேண்டும்.

பிரின்டரோடு விஷயம் முடிவதில்லை. கேமரா பெட்டிகளும் விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரங்களும் தொழிற்சாலையிலேயே நிலையெண்ணோடு வருகின்றன. சில வகை வருகைப்பதிவு இயந்திரங்கள் 192.168.1.201 என்றே பிறக்கும். முன் வாசலுக்கொன்று பின் வாசலுக்கொன்று என்று ஒரே ரகத்தில் இரண்டு வாங்கி மாட்டினால், முதல் நாளே இரண்டும் அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக மாட்டி, முதலாவதின் எண்ணை மாற்றிய பிறகு இரண்டாவதைச் செருக வேண்டும்.

இரண்டாவது மேனேஜர்

கடைசியாக, சிக்னல் எட்டாத பின்னறைக்காகப் பழைய ரூட்டர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி மாட்டும் வழக்கம். வீடுகளிலும் இது அதிகம். கேபிளின் ஒரு முனை புது ரூட்டரில், மறுமுனை பழைய ரூட்டரின் உள்வலைத் துளை ஒன்றில். பின்னறையில் சிக்னல் பிரமாதம். மறுநாள் முதல், எந்த அறையிலும் யாருக்கு நெட் வரும் யாருக்கு வராது என்று சொல்ல முடியாது. பழைய ரூட்டருக்குள்ளும் ஒரு மேனேஜர் இருக்கிறார். அவரும் எண் கொடுக்கத் தொடங்கிவிட்டார். புதிதாக வரும் கருவி யாருடைய பதில் முதலில் கேட்கிறதோ அவரிடம் போகும். எண்ணைப் படித்தால் உடனே பிடிபடும்: நெட் வருகிறவர்கள் 192.168.1 தொடரில், வராதவர்கள் 192.168.0 தொடரில். பின்னவர்களுக்குக் காட்டப்பட்ட வாசல் பழைய ரூட்டர்; அதற்கு வெளி உலகத்தோடு இணைப்பே இல்லை.

சிலர் கேபிளைத் துளை மாற்றி, பழைய ரூட்டரின் இணையத் துளையில் செருகிவிடுவார்கள். அப்போது எல்லாருக்கும் நெட் வரும், ஆனால் முன்னறைக் கம்ப்யூட்டரில் பகிர்ந்துவைத்த கோப்புறைகளைப் பின்னறையின் கம்ப்யூட்டர்கள் தாமாகக் கண்டுபிடிக்காது, முன்னறையிலிருந்து பின்னறைக்குள் எதையும் எட்ட முடியாது. ஒரு வலைக்குள் இன்னொரு வலை உண்டாகிவிட்டது. நெட் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது பரவாயில்லை, அலுவலகத்துக்கு ஆகாது.

செய்ய வேண்டியது இது. பழைய ரூட்டரை மட்டும் தனியாக ஒரு கம்ப்யூட்டரோடு சேர்த்து, அதன் எண்ணை 192.168.1.250 என்று மாற்றுங்கள். புது ரூட்டர் கொடுக்கும் எல்லைக்குள் 250 வரவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, கேபிளை உள்வலைத் துளையிலேயே செருகுங்கள். இனி அது சிக்னலை மட்டும் கடத்தும், எண் கொடுக்காது. அதன் அமைப்புப் பக்கம் அடுத்த முறை 192.168.1.250இல்தான் திறக்கும், பின்பக்க ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் 192.168.0.1ஐ அடித்துவிட்டு, புது எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள்.